யோகராணி கழற்றிய பெட்டி

கனடாவின் மோர்னிங்சைட்டில் யோகராணி வீடுவீடாகப் போய் முதியவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, மருந்து கொடுத்துவிட்டு வருவாள். கனடா வந்த புதிதில் அவள் ரேடியோவின் மின்சுற்றுப் பலகைகளுக்குப் பாகம் பொருத்தும் தொழிற்சாலையில் இருந்தவள். அது மூடிய பிறகுதான் இந்த வேலைக்குப் படித்தாள், பிடித்தும் போனது.

இந்த வசந்தத்தில் அவளுடைய பழைய கார் வீட்டு வாசலிலேயே படுத்துவிட்டது. பிறம்ரனில் கராஜ் வைத்திருக்கும் மரியரட்ணம் வந்து பார்த்தார்.

"எஞ்சின் கொம்பியூட்டரிலதான் பிழை போல கிடக்கு, தங்கச்சி. கழட்டிக்கொண்டு போய்ச் சோதிக்கவேணும். அடுத்த கிழமைதான் எனக்கு நேரம்."

"நான் கழட்டிக் கொண்டுவரட்டே, அண்ணை?"

அவர் பற்றறியைக் காட்டினார். "பதறாமச் செய்தா ஒண்டும் நடக்காது. முதல்ல பற்றறியின்ர கறுப்பு வயர். பிறகு கொஞ்சநேரம் ஆறவிடு."

அவர் போனதும் கறுப்பு வயரைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, ஆறுதலாகத் தேத்தண்ணி குடித்தாள். பிறகு கம்பளிச் சுவெட்டரையும் கழற்றி வைத்தாள். கணவன் பிரதாபன் ஓடிவந்து எட்டிப்பார்த்தான்.

"உதுக்குள்ள கையை வைச்சுக் கரண்ட் அடிச்சா?"

"எனக்கு அடிக்காதப்பா. கம்பளி உரசி என்ர உடம்பில ஏறுற கரண்ட்தான் உதைப் பழுதாக்கும்."

அந்தக் கரண்ட் இறங்கக் காரின் வெறும் இரும்பைத் தொட்டுவிட்டு, முன்சீட்டுக்கு எதிரேயிருந்த தட்டை இறக்கினாள். உள்ளே சாப்பாட்டுப் பெட்டியளவில் அந்தக் கொம்பியூட்டர். பிளக் அசையவில்லை. வயரைப் பிடித்து இழுக்காமல் விரலால் தடவிப் பார்த்தாள், பூட்டு அகப்பட்டது. அதைத் தூக்கியதும் பிளக் வழுக்கிக்கொண்டு வந்தது.

பெட்டியின் ஊசிகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. கீழே கம்பளமும் ஈரம். முன்கண்ணாடிக்கு அடியில் தண்ணீர் வழிந்தோடும் துவாரத்தில் போன இலையுதிர்காலத்து மேப்பிள் இலைகள் அடைத்துக் கிடந்தன. மழை உள்ளே இறங்கியிருக்கிறது.

பெட்டியை, பழைய தொழிற்சாலையில் கிடைத்த கரண்ட் தங்காத சாம்பல்நிறப் பையில் வைத்துப் பிரதாபனின் வான் வண்டியில் கொண்டுபோனார்கள். மரியரட்ணம் சோதித்துவிட்டுச் சிரித்தார்.

"பெட்டிக்கு ஒண்டுமில்லை. ஊசியைத் துடைச்சுவிட்டிருக்கிறன். வயர்ப்பக்கத்து பிளக்கையும் இந்த மருந்தால துடைச்சுக் காயவிட்டுப் பூட்டு."

துவாரத்தைச் சுத்தமாக்கி, பிளக்கைத் துடைத்து, எல்லாம் காய்ந்தபின் பெட்டியைத் திரும்பப் பூட்டினாள். கறுப்பு வயரைக் கடைசியில் மாட்டி, திறப்பைத் திருப்பினாள். கார் ஒரு தரம் இருமிவிட்டுச் சீராக உறுமியது.

"அடி சக்கை!" என்றான் பிரதாபன்.

ஞாயிறு காலை, தான் பராமரிக்கும் எமில்டா அன்ரியைப் பூசைக்கு ஏற்றிப்போனாள். திரும்பும் வழியில், தனியாக நடமாட முடியாத அன்ரி கண்ணாடியை இறக்கச் சொன்னார்.

"காத்து நல்லாயிருக்கு, பிள்ளை. கொஞ்சம் சுத்தி ஓடன்."

"ஓம் அன்ரி," என்று யோகராணி ஏரிப்பக்கம் திருப்பினாள்.