ஜபாரின் கையும் தொட்டியின் ரெண்டு ஓட்டையும்

முந்தல் ஊரில் கண்ணாடி வெட்டுகிற ஜபாருக்கு வாய்ச்சவடால் கொஞ்சம் கூடத்தான். "நான் ஒட்டின தொட்டி ஒருநாளும் ஒழுகாது. ஒழுகினா கடைய மூடிப்போட்டு வீட்டுல படுக்கிறன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அளப்பார். அளக்க அவருக்கு உரிமையும் இருந்தது. இளந்தாரி வயதில் கொழும்புக்குப் போய் வேலை பழகி வந்த மனிசன். ஊரில் பாதி அலுமாரிக் கண்ணாடியும், பள்ளிவாசல் ஜன்னல்களும், இறால் பண்ணைத் தொட்டிகளும் அவர் கைபட்டவை. ஊருக்கே அவர் நானா, அதாவது அண்ணன்.

போன நோன்புக்குப் பிறகு அந்தக் கை நடுங்கத் தொடங்கியது. தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினால் பாதி மேசையில். கிளினிக்கில் குளிசை கொடுத்தார்கள். அது போதாதென்று மனைவி மர்ளியா, வண்ணாத்திவில்லுப் பக்கத்து வெதமாத்தயா என்கிற சிங்கள நாட்டு வைத்தியரிடம் எண்ணெய் வாங்கி வந்து, விடியற்காலை சுபஹுத் தொழுகை முடிந்ததும் தினம் அந்தக் கையை உருவிவிடுவாள். வசம்பும் வெள்ளைப்பூடும் மணக்கிற எண்ணெய். இந்தக் கதை வீட்டுக்கு வெளியே போகக்கூடாது என்பது ஜபாரின் கட்டளை. கடைக்கு ஆள் வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். நடுங்கிற கையை நம்பி ஆர் கண்ணாடி கொடுப்பான் என்ற பயம் அவரைத் தின்றுகொண்டிருந்தது.

அப்படியிருக்கத்தான் பிரான்சிஸ்கா டீச்சர் ஒரு பழைய கண்ணாடித் தொட்டியோடு வந்து இறங்கினார். மூடிவிட்ட இறால் பண்ணை ஒன்றில் கிடைத்ததாம். அடிக் கண்ணாடியில் குழாய் போன ரெண்டு ஓட்டை.

"பள்ளிக்கூடத்துல ஒரு குட்டிக் காடு வளர்க்கப் போறம் நானா. அடியில கல்லும் தண்ணியும், மேல மண்ணு, பாசி, சின்னச் செடி. சங்குக்குள்ள குடியிருக்கிற நண்டும் விடுவம். ஓட்டைய மட்டும் அடைச்சுத் தாங்க."

"இதெல்லாம் ஒரு வேலையா டீச்சர்?" என்றார் ஜபார். வாய் சொல்லிவிட்டது. கை முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

வேலை தெரியாதவன் வெளியே இருந்து ஒட்டுவான். ஜபார் உள்ளே ஒட்டுவார். தண்ணீரின் பாரமே துண்டை அமத்திப் பிடிக்கும். குளியலறைக்குப் பூசுகிற சிலிக்கன் பசையில் பூஞ்சணம் கொல்லுகிற மருந்து இருக்கும், நண்டுக்கு ஆகாது என்று மீன் தொட்டிக்கான சிலிக்கனையே எடுத்தார். ஓட்டையை விடப் பெரிதாக ரெண்டு கண்ணாடித் துண்டு வெட்டினார். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். பிறகு, தூசி ஏதும் மிச்சமோ என்று உள்ளங்கையால் ஒருதரம் தடவிப் பார்த்தார். தடவிப் பார்க்காமல் அவர் கண்ணாடி ஒட்டியதே இல்லை. சிலிக்கனை வட்டமாக இழுத்து, துண்டை வைத்து அமத்தினார்.

சில நாள் காயவிட்டுத் தண்ணீர் நிரப்பினார். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் போய் வந்து பார்த்தால் மேசைக்குக் கீழே குளம்.

பொத்தென்று கதிரையில் இருந்துவிட்டார். கடைக்குப் பின்னால்தான் வீடு. மர்ளியாவைக் கூப்பிட்டார்.

"முடிஞ்சிது புள்ள. கை போயிட்டு. கடைய ஆருக்காவது குடுப்பம்." கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை.

"சும்மா இரிங்க" என்று மர்ளியா மிச்சத் தண்ணீரை இறைத்து ஊற்றினாள். துண்டின் ஓரத்தை நகத்தால் நெம்பினாள். ஆறின பாலின் ஆடை மாதிரி சிலிக்கன் முழுசாகக் கழன்று கையோடு வந்தது. இவ்வளவு லேசாக வருமா என்று மோந்து பார்த்தாள்.

"யா அல்லாஹ்! இதுல என்ட எண்ணெய்தானே மணக்குது!"

"என்னது?"

"நான் காலையில உருவி விட்ட கையாலதானே கண்ணாடியத் தடவினீங்க? எண்ணெய்க்கு மேல சிலிக்கன் ஒட்டுமா? கையில பிழையில்ல. கொண்டு வந்து பூசின என்னிலதான் பிழை!" அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

ஜபார் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சவர்க்காரம் போட்டுக் கழுவினால் எண்ணெய் போய்விடும் என்றுதான் மனிசன் நினைத்திருந்தார்.

பழைய சிலிக்கனைப் பிளேட்டால் சுரண்டி, திரும்பத் திரும்ப ஸ்பிரிட்டால் துடைத்தார்கள். இந்த முறை மர்ளியா தடவ விடவில்லை. கையுறை மாட்டிவிட்டுப் பக்கத்திலேயே காவல் நின்றாள். நடுக்கம் என்னவோ நிற்கவில்லை. சிலிக்கன் கோணல்மாணலாகத்தான் வந்தது. ஆனால் காய்ந்த பிறகு நிரப்பிய தண்ணீர் நிரப்பிய மட்டத்திலேயே நின்றது. மேசை காய்ந்தபடி கிடந்தது.

தண்ணீரை இறைத்து வைத்திருந்த தொட்டியை டீச்சர் வந்து குனிந்து பார்த்தார்.

"என்ன நானா, உங்கட வேலை மாதிரி இல்லையே? கோணலாக் கிடக்கு."

மர்ளியா ஏதோ சாட்டுச் சொல்ல வாயைத் திறந்தாள். ஜபார் முந்திக்கொண்டார்.

"கை நடுங்குது டீச்சர். கொஞ்ச மாசமா இப்பிடித்தான்." கையை முன்னால் நீட்டியே காட்டினார். "கோணல் இருக்கும். ஒழுகாது."

டீச்சர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு தொட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

"நண்டுக்குக் கோணல் தெரியப் போகுதா நானா? அந்தப் பக்கத்தப் பிடிங்க, த்ரீவீலில ஏத்துவம்."

ஜபார் பிடித்தார், ரெண்டு கையாலும்.