ஆம்பியர் மீட்டரைத் திருத்திய மேதை

இன்று என் பேட்டரி கடைக்கு ஒரு மேதை வந்தார்.

குளத்தூர்ப் பக்கம் கடற்கரையில் படகு வைத்திருக்கும் சூசை அண்ணாச்சியின் மெக்கானிக் அவர். செத்த பேட்டரியைத் தன் ஜீப்பில் ஏற்றி, அண்ணாச்சியையும் கோவில்பட்டிக்குக் கூட்டி வந்திருந்தார்.

"இன்ஜினை நிறுத்திட்டு லைட்டை மட்டும் போட்டிருந்தேன். படகு மீட்டர்ல முள்ளு பிளஸ்லதான் நின்னுது. சார்ஜ் ஏறுதுன்னு நம்பிட்டேன். பொறவு இன்ஜின் கிளம்பல. துடுப்பு போட்டே கரைக்கு வந்தேன்" என்றார் சூசை.

இன்ஜின் ஓடாமல் விளக்கு எரிந்தால் பேட்டரி இறங்கும்; முள் மைனஸுக்குத்தானே போக வேண்டும் என்று கேட்டேன்.

மேதை சிரித்தார். "மொதல்ல மைனஸ்லதான் கெடந்துது. அண்ணாச்சி பயந்தாவ. மீட்டர் வயரு ரெண்டையும் மாத்திப் போட்டேன், பிளஸ்ஸுக்கு வந்துட்டு!"

"முள்ளு வந்துட்டு, சரி. கரண்ட்டு வந்துதாவே?" என்று கேட்டேன்.

"பேட்டரிதான் மட்டமான சரக்கு" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிச் சாவியைத் திருப்பினார். வண்டி முனகிவிட்டு அடங்கியது.

நானும் சூசையும் பஜார் முனைவரை ஜீப்பைத் தள்ளினோம்; இன்ஜின் கிளம்பவில்லை. எட்டிப் பார்த்தேன். ஜீப்பிலும் முள் பிளஸ்ஸில்தான் நின்றது.

இவரை மிஞ்சிய மேதை உங்கள் ஊரில் இருந்தால் ஒரு கார்டு போடுங்கள்.