அமாவாசையன்று பாய்ப்படகில் சதுரங்கப்பட்டினம்

சனிக்கிழமை காலை 6.20 மணிக்குக் காஞ்சிபுரம் பஸ் நிலையத்தில் செங்கல்பட்டு வண்டி ஏறினோம். இருபத்திரண்டு மைல், டிக்கெட் ஒரு ரூபாய் பத்து நயா பைசா. நாங்கள் மூன்று பேர். மாணிக்கம் பன்னிரண்டு தறி வைத்திருப்பவன். காதர் பாஷா கடிகாரம் பழுது பார்ப்பவர். நான் மாணிக்கத்தின் தறிகளுக்குப் பாவு பிணைப்பவன். தறியில் நெடுக்காக ஓடும் பாவு தீர்ந்ததும் அதன் நுனியில் புதுப்பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்ப்பது என் வேலை. மூவரும் ஒரே பள்ளியில் எட்டாவது வரை படித்தவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஐம்பது வயது நிறைந்தது. எங்கள் வீட்டில் பிறந்த நாள் கொண்டாடும் வழக்கம் கிடையாது. மாணிக்கம்தான் விடாப்பிடியாக நின்றான். "கடலோரமா படகுல போலாம்டா, பாய் விரிச்சுக்கினு. சாப்பாடு, தூக்கம், ரேடியோ. வேற வேலையே கெடயாது" என்றான். அன்று அமாவாசை. அமாவாசையில் எங்கள் ஊரில் தறி ஓடாது, அதனால் அந்த நாளே வசதி என்று அவன் முடிவு செய்தான். நாங்களும் தலையாட்டினோம். அமாவாசை என்றால் எங்களுக்கு விடுமுறை, அவ்வளவுதான். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு அது என்ன நாள் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

செங்கல்பட்டில் மாணிக்கம் ஒரு கேக் வாங்கினான், நான்கு ரூபாய். அதை என் மடியில் வைத்துக்கொண்டு வரச் சொன்னான். திருக்கழுக்குன்றம் வழியாகப் பதினெட்டு மைல் அப்படியே போனேன். 11.15க்கு மாமல்லபுரம். சத்திரத்தில் அறை வாடகை இரண்டு ரூபாய்.

மாலை நான்கு மணிக்குப் படகு பேசக் கால்வாய்க்கரைக்குப் போனோம். பக்கிங்காம் கால்வாய் அங்கே கடலை ஒட்டியே ஓடுகிறது. நடுவில் ஒரு மணல்மேடும் சவுக்குத் தோப்பும்தான். கடல் கண்ணுக்குத் தெரியாது, இரைச்சல் மட்டும் கூடவே வரும். முகத்துவாரத்தின் வழியாகக் கடல் தண்ணீர் கால்வாயில் ஏறி இறங்கும். படகுக்காரர் பெயர் கன்னியப்பன். என்னைவிட ஐந்து வயது மூத்தவராக இருப்பார். அவர் மனைவி அஞ்சலையும் அவரோடு சேர்ந்து கழி ஊன்றுபவர். அவர்கள் உப்பு ஏற்றுவதற்காகக் காலிப் படகோடு எட்டு மைல் தெற்கே சதுரங்கப்பட்டினம் போகவிருந்தார்கள். எங்களையும் ஏற்றிக்கொள்ளப் பதினைந்து ரூபாய் கேட்டார்கள்.

"ஐயா, நாளைக்கு அமாவாச" என்றார் கன்னியப்பன். "காலைல தண்ணி ரொம்பி நிக்கும். மத்தியானத்துல ஒரேடியா எறங்கிடும். ஏழு மணிக்குக் கெளம்பிட்டா பத்துக்குப் போய்ச் சேந்துரலாம்."

"பொழுது சாயறதுக்குள்ள உப்புத்துறையில படகக் கட்டியாவணும்ணே" என்றார் அஞ்சலை. "முன்னாடி கட்டற ரெண்டு படகுக்குத்தான் லோடு. வுட்டா பத்து நாளு சும்மா கெடக்கணும்."

"ரெடியா இருப்போம்மா, கவலப்படாத" என்றான் மாணிக்கம்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கன்னியப்பன் சத்திரத்து வாசலில் வந்து நின்றார். மாணிக்கம் அப்போதுதான் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தான். "தண்ணி இப்ப நல்லா இருக்குதுங்க" என்றார். "வரோம் போப்பா" என்றான்.

ஒன்பது மணிக்கு மறுபடி வந்தார். அப்போது மாணிக்கம் கடற்கரையில் என்னை நிற்கவைத்து, இரவல் வாங்கி வந்த காமிராவில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். வெயில் சரியாக விழவில்லை என்று நான்கு இடம் மாற்றினான். "ஐயா, இனிமே கெளம்பினாலே கஷ்டம்" என்றார் கன்னியப்பன். மாணிக்கம் என்னைக் காட்டி, "இவன் பொறந்த நாளுக்குத்தானேப்பா எல்லாம்" என்றான். பிறகு மெழுகுவத்தி வாங்க ஆள் போனது. கேக் வெட்டினேன்.

"அம்பது வருஷமா வாயத் தொறக்காதவன். கேக்குக்காவது தொறந்தானே" என்று காதர் சிரித்தார்.

நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போது என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

படகு கிளம்பியபோது மணி 10.45. முதல் ஒரு மணி நேரத்தைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன், நன்றாக இருந்தது. வாடைக்காற்று பின்னாலிருந்து தள்ளியது. பழுப்பேறிய, ஒட்டுப்போட்ட பாய் உப்பிக்கொண்டு நின்றது. தாழம்புதர்களில் கொக்குகள் உட்கார்ந்திருந்தன. ரேடியோ பாடிற்று. மாணிக்கம் காலை நீட்டிப் படுத்துக்கொண்டான். கன்னியப்பன் மட்டும் ஒரு பாட்டையும் காதில் வாங்கவில்லை. கரையில் ஈரம் எங்கே நிற்கிறது என்றே பார்த்துக்கொண்டு வந்தார்.

12.15க்கு அடியில் ஏதோ உரசியது. படகு ஒரு குலுங்கு குலுங்கி நின்றுவிட்டது. கன்னியப்பனும் அஞ்சலையும் அந்தக் கணமே தண்ணீரில் குதித்தார்கள். முழங்கால் அளவு தண்ணீர், அதன் கீழே கறுப்புச் சேறு.

"எல்லாரும் எறங்குங்க! பாரம் கொறஞ்சா இப்பவே வந்துரும். நிமிஷத்துக்கு நிமிஷம் தண்ணி போய்க்கினே இருக்குது!"

"பட்டுக்கரை வேட்டிப்பா" என்றான் மாணிக்கம். "சேத்துல எறங்கவா பதினஞ்சு ரூபா குடுத்தோம்? ஓட்டத் தெரிஞ்சா ஓட்டு."

காதர் கைலியை மடித்துக் கட்டினார். கட்டிவிட்டு மாணிக்கத்தின் முகத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இருபது வருடமாக அவன் சொன்ன பிறகே எழுந்து பழகிய உடம்பு எனக்கு. நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்த அந்தப் படகை அவர்கள் இரண்டு பேரும் தள்ளினார்கள். அஞ்சலையின் கழுத்து நரம்பு புடைத்தது. படகு ஒரு முழம் நகர்ந்தது, பிறகு அதுவும் இல்லை. பத்து நிமிடம் கழித்து நான் இறங்கியபோது தண்ணீர் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம்தான் இருந்தது.

"இனி சாயங்காலம் தண்ணி ஏறினாத்தான்" என்றார் கன்னியப்பன்.

மாணிக்கம் அதற்கு ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. "அப்போ என்னத் தூக்கிக்கினு போய்க் கரையில வுடு. பஸ்ஸப் புடிக்கிறோம்" என்றான். கன்னியப்பன் முதுகைக் குனிந்து காட்டினார். ஐம்பத்தைந்து வயது மனிதர், சேற்றில் முழங்கால் புதையப் புதைய அவனைச் சுமந்து போனார். ரேடியோவை நனையாமல் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு இவன் உட்கார்ந்திருந்தான்.

"பாத்துய்யா" என்றார் அஞ்சலை, உரக்கவே. "உப்பு மூட்டைன்னா தண்ணில கரைஞ்சாவது போவும். இது கரையாது."

கரையிலிருந்து மாணிக்கம் கூப்பிட்டான். "டே வேலு, வாடா!"

"நான் வரல."

"இன்னாது?"

"வரலன்னேன். நீ போ."

காதர் சேற்றில் இறங்கினார். "காலைல கடை தொறக்கணும் வேலு" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவன் பின்னால் நடந்தார்.

பிறகு நாங்கள் மூவரும் காத்திருந்தோம். அஞ்சலை கேழ்வரகுக் கூழ் கொடுத்தார். மூன்று மணி சுமாருக்குக் கால்வாய் நடுவில் ஒரு வாய்க்கால் அளவே தண்ணீர் ஓடியது. அப்புறம் ஏறத் தொடங்கியது. எவ்வளவு மெதுவாக ஏறியது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. மேற்கே பனைமரங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்கி மறைந்த பிறகுதான், 5.50க்கு, படகு அசைந்தது. மூவரும் தோள் கொடுத்துத் தள்ளினோம். இந்தத் தடவை வந்துவிட்டது.

சதுரங்கப்பட்டினம் உப்புத்துறையை அடைந்தபோது மணி எட்டு. இரண்டு படகுகள் ஏற்கெனவே கட்டியிருந்தன. கன்னியப்பன் அவற்றைப் பார்த்தார். பாயை இறக்கி மடிக்க ஆரம்பித்தார்.

அஞ்சலைதான் கேட்டார். "பொறந்த நாளு நல்லா இருந்துச்சாண்ணே?"

நான் எழுந்து பாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

திங்கள் காலை 7.10 பஸ். டச்சுக்காரர் கோட்டை பக்கத்திலேயே இருந்தது, போய்ப் பார்க்க மனம் வரவில்லை. திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு, பகல் பன்னிரண்டுக்குக் காஞ்சிபுரம். ஊரில் எல்லாத் தறியும் ஓடிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை மாணிக்கத்தின் தறிக்கூடத்தில் நான் பாவு பிணைத்துக்கொண்டிருந்தேன். அவன் நெசவாளர்களிடம் பயணக் கதை சொன்னான். "ஒரே ஜாலிப்பா. படகுக்காரன்தான் குடிகாரப்பய. கொண்டாந்து சேத்துல ஏத்திட்டான்."

கையிலிருந்த இழையை விட்டுவிட்டு எழுந்தேன். "அவரு குடிக்கல மாணிக்கம். தண்ணி எறங்கிடும்னு மூணு வாட்டி சொன்னாரு. நீ கெளம்பல. தள்ளச் சொன்னப்ப எறங்கல. நானும் எறங்கல."

தறிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. மாணிக்கம் சிரிக்கப் பார்த்தான். "பார்ரா, வேலு பேசறான்" என்றான். யாரும் கூடச் சிரிக்கவில்லை. நான் உட்கார்ந்து, விட்ட இழையை எடுத்துப் பிணைத்தேன். மறுநாள் அவன் வேறு ஆளைப் பாவு பிணைக்க வைத்தான்.

காஞ்சிபுரத்தில் தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. எங்கள் ஏரிகள் மழை பெய்தால் நிரம்பும், கோடையில் வற்றும். ஒரே நாளில் நிரம்பி வற்றும் தண்ணீரை நம்பி ஒரு குடும்பம் பிழைக்கிறது என்பதை, அந்தப் பிழைப்பைக் கெடுத்த பிறகே நான் தெரிந்துகொண்டேன். இதை எழுதும் இன்று வியாழக்கிழமை. அந்தப் படகு இன்னும் ஆறு நாள் துறையில் காலியாகக் கட்டிக் கிடக்கும்.