சீனி போடாத பேச்சு

“எந்த ஊரு?”

யாரையும் பார்த்துக் கேட்பதில்லை. பரேலில் புற்றுநோய் ஆஸ்பத்திரி வராந்தாவில், காலை எட்டு மணிக்கு, கூட்டத்தின் தலைக்கு மேலே காற்றைப் பார்த்து நாகூர் கனி ஒரு குரல் கொடுப்பார். மராத்திக்காரர் திரும்பமாட்டார். குஜராத்தியும் திரும்பமாட்டார். எந்தத் தலை திரும்புகிறதோ அது நம் தலை. அதன் பக்கத்தில் போய்க் குந்திக்கொள்வார். “சீட்டு வாங்கியாச்சா? புள்ள காலையில என்ன குடிச்சுது?”

தாராவியில் செருப்புக்குத் தோல் வெட்டுகிறவர். ஊர் மேலப்பாளையம். ஐம்பது வயது இருக்கும். பகல் ஒரு மணிக்குத்தான் பட்டறைக்குப் போவார். முதலாளி அபுதாஹிர், “வாரும் டாக்டரே, இன்னைக்கு எத்தனை ஆபரேஷன்?” என்று கேட்பாராம். “ஒம்ம நாக்குல ஒண்ணு பாக்கி இருக்கு வே” என்று இவர் சொல்வாராம்.

என் தம்பி மனைவிக்குப் புற்றைக் கருக்கும் கரண்டு வைத்தியம் நடந்த ஏழு வாரமும் மாதுங்காவிலிருந்து டிராமில் அவளைக் கூட்டிப் போனேன். அங்கே பழக்கமான மனிதர் இவர்.

டாக்டர் இந்துஸ்தானியில் சொல்வதைப் பெற்றவர்களுக்குத் தமிழில் சொல்வார். யாரும் அமர்த்திய வேலை இல்லை. கழுத்தில் கட்டியுள்ள பிள்ளைக்குத் தலை வழியாகச் சட்டை போட முடியாது. முன்பக்கம் முழுக்கத் திறந்து நாடா வைக்கும்படி தாய்மாருக்குக் காட்டிக் கொடுப்பார். ஊசி போடும்போது மட்டும் பிள்ளையின் காலைப் பிடிக்கமாட்டார். “பெத்தவன் பிடிக்கட்டும். நான் பிடிச்சா நாளைக்கு என்னைக் கண்டாலே அழும். அப்புறம் அதுகூட யாரு பேசுறது?”

பேசி முடித்தால் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். தூக்கம் இல்லை, அசதி. உதடு மட்டும் ஓதிக்கொண்டிருக்கும். நானும் என் சுலோகத்தை முணுமுணுத்தபடி பக்கத்தில் இருப்பேன்.

அப்படி ஒருநாள் அவராகவே சொன்னார். “போன வருசம் ஒரு பய. வயித்துல கட்டி. இன்னைக்கே சேக்கணும்னாரு டாக்டரு. தாயி மூஞ்சி வெளுத்துப்போச்சு. எனக்கு மனசு கேக்கல. ‘சீக்கிரமா சேத்தா நல்லது’ன்னு கொஞ்சம் சீனி போட்டுச் சொல்லிட்டேன் யம்மா. ஊருல கோயில் கொடைய முடிச்சிட்டு மூணு மாசம் கழிச்சு வந்தாக. டாக்டரு துணிய விலக்கிப் பாத்தாரு. மூடிட்டாரு.”

அதற்கப்புறம் அவர் பேச்சில் சீனி கிடையாது.

ஆடி மாதம் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பூதத்தான் என்று ஒருவர், மனைவியும் மூன்று வயதுப் பெண்ணுமாக வந்தார். குழந்தையின் வலது கண் பூனைக்கண் போல வெள்ளையாக மின்னியது. டாக்டர் சொன்னதை நாகூர் கனி அப்படியே சொன்னார். “கண்ணுக்குள்ள கட்டி. இந்த வாரமே கண்ண எடுத்துரணும். எடுத்தா புள்ள பொழைக்கும். விட்டா மூளைக்கு ஏறிரும்.”

பூதத்தான் எழுந்துவிட்டார். “இருக்கன்குடி ஆத்தாளுக்கு வெள்ளிக் கண்ணு நேந்திருக்கு அண்ணாச்சி. ஆடிக் கடைசி வெள்ளிக்குச் சாத்திட்டு ஓடி வந்துருதேன்.”

“எத்தனை நாளு?”

“போக வர இருவது நாளு.”

“இருவது நாளு கழிச்சு வந்தா டாக்டரு கத்தியத் தொடமாட்டாரு.”

“கண்ணக் குடு தாயேன்னு கும்பிட்டவன், கண்ணத் தோண்டிப் போட்டுட்டு எந்த மூஞ்சியோட அவ முன்னால நிக்க? ஒமக்கென்ன தெரியும், நீரு துலுக்கன்!”

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. நாகூர் கனிக்குக் கோபம் வரவில்லை. “ஆமா, தெரியாது. தெரிஞ்சது ஒண்ணுதான். போன வருசம் ஒரு புள்ளைய நான் ஊருக்கு அனுப்பினேன். இத அனுப்பமாட்டேன். வேணும்னா என்னை அடிச்சுத் தள்ளிட்டுப் போரும்.” படியில் குறுக்காக நின்றுகொண்டார்.

அதுவரை குழந்தையின் முகத்தை மூடிக்கொண்டிருந்த தாய் அப்போதுதான் வாய் திறந்தாள். “நேந்தது நானு. காணிக்கைய முந்தியில முடிஞ்சு வச்சிருக்கதும் நானு. புள்ள இருந்தாத்தான ஆத்தா வாசலுக்குக் கூட்டிட்டுப் போவ? ஒத்தக் கண்ணோட வந்தா அவ உள்ள விடமாட்டாளா?”

நான் கும்பிடுகிற அம்மனும் இதைத்தான் சொல்லியிருப்பாள்.

பூதத்தான் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே நடந்தார்.

குமாஸ்தா ஆபரேஷனுக்குச் சம்மதக் காகிதத்தை நீட்டினார். பூதத்தானுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கட்டைவிரலை மையில் தோய்த்து ஊன்றினார். நர்ஸ் குழந்தையை வாங்கிக்கொண்டு போக, தாய் பின்னாலேயே ஓடினாள். அவர் மட்டும் அந்த விரலை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்தபடி, அது வேறு யாருடையதோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நாகூர் கனி பக்கத்தில் போனார். அந்தக் கையைப் பிடித்து, தம் வெள்ளைச் சட்டை முனையால் விரலைத் துடைத்தார். மை போகவில்லை. எச்சில் தொட்டு, மறுபடியும் துடைத்தார்.