இரும்பை வளைப்பவளுக்காக வாங்கிய வசவு

அவளுக்கு இரும்பை வளைக்கும் சக்தி இருந்தது. அப்படித்தான் அந்தக் காமிக்ஸின் ஒவ்வொரு இதழின் முதல் பக்கத்திலும் போட்டிருப்பார்கள். ஆனால் நான் படித்த இதழ்களில் அவள் உருப்படியாக எதையும் வளைத்துப் பார்த்ததில்லை. ஒரு கம்பியை வளைப்பாள், உடனே மயங்கி விழுவாள். அடுத்த பக்கத்தில் எவனாவது அவளைத் தூணில் கட்டியிருப்பான். அதிலிருந்து கடைசிப் பக்கம் வரை "ஐயோ, என்னைக் காப்பாற்றுங்கள்" என்று கத்திக்கொண்டிருப்பதுதான் அவள் வேலை. அவளோடு சேர்ந்து உலகத்தைக் காப்பாற்றும் மூன்று ஆண்களும் கழுத்திலிருந்து கால்விரல் வரை மூடிக்கொண்டு பறப்பார்கள். அவளுக்கு மட்டும் ஒரு கைக்குட்டை அளவுக்குத் துணி. முகப்புப் படம் என்றால் எப்போதும் அவள்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் போடியில் ஏலக்காய் மூட்டைகள் அடுக்கியிருக்கும் ஒரு கிட்டங்கியில் காய் பிரிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பத்தாவது முடித்திருந்தேன். அப்பா இல்லை. அண்ணன் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டினான். கிட்டங்கியில் பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து சுளகில் காயைப் பரப்பி, காம்பைக் கிள்ளி, வெடித்ததையும் வெளுத்ததையும் ஒதுக்கி, பச்சைக் காயைத் தனியாகக் குவிப்போம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோருக்கும் கண் சொருகும். கை மெதுவாகும்.

தராசு மேசையில் முதலாளியின் அக்கா மகன் உட்கார்ந்திருப்பான். மதுரையில் கல்லூரிப் படிப்பை முடிக்காமல் திரும்பி வந்தவன். காமிக்ஸ் புத்தகங்களைப் பழுப்புத் தாள் அட்டை போட்டு, மடிப்பு விழாமல், ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தான். எங்கள் தூக்கத்தைக் கலைக்க அவன் அவற்றைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தான். நன்றாகவே படிப்பான். வெடிச் சத்தம், இடிச் சத்தம், வில்லன் சிரிப்பு எல்லாம் அவன் வாயிலிருந்தே வரும். படத்தை வரிசைக்கு வரிசை தூக்கிக் காட்டுவான். தொண்டை கட்டிவிட்டால் புத்தகத்தை என்னிடம் கொடுத்து, "அழுக்குக் கை படாமப் படி" என்பான்.

பெண்கள் கதையைச் சும்மா கேட்கவில்லை. சிலமலையிலிருந்து பஸ்ஸில் வரும் ஓர் அக்கா இருந்தாள். எங்கள் வரிசையில் மூத்தவள், பல வருடம் மலையில் காய் எடுத்துவிட்டுக் கீழே இறங்கி வந்தவள். முழங்காலுக்குக் கீழே அவளுக்கு அட்டை கடித்த தழும்புகள் புள்ளி புள்ளியாக இருக்கும். ஒரு நாள் அவன் காட்டிய படத்தைப் பார்த்து அவள்தான் முதலில் கேட்டாள்.

"ஏந் தம்பி, பனிமலைங்கிற. ஆம்பளைக மூணு பேரும் போத்திக்கிட்டு நிக்கிறாய்ங்க. இவ மட்டும் எதுக்கு இப்பிடி நிக்கிறா? துணிக்கு வழியில்லையா?"

"அது அவளோட யூனிபாரம்க்கா."

"நல்ல யூனிபாரம். ஒரு நாளைக்கு எங்க எஸ்டேட்டுக்கு வரச் சொல்லு. எங்கெங்க அட்டை ஏறும்னு அப்பத் தெரியும் அவளுக்கு."

வரிசை முழுக்கச் சிரித்தது. அவன் முகம் சிவந்துபோயிற்று. இன்னொருத்தி விடவில்லை.

"இரும்ப வளைக்கிறவளுக்குச் சங்கிலி எம்புட்டு? அத்துக்கிட்டு வர வேண்டியதுதானே?"

"மயக்கத்துல இருக்கா."

"மயக்கம் தெளிஞ்சுதானே காப்பாத்துங்கன்னு கத்துறா?"

அவன் புத்தகத்தை மூடிவிட்டான். "ஒங்களுக்கெல்லாம் படிக்கிறேன் பாரு" என்று மட்டும் சொன்னான். அதற்குப் பிறகு படிக்கிற வேலை என் தலையில் விழுந்தது.

அப்படித்தான் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். அவன் அதை எங்களுக்குப் படித்துக் காட்டியதே இல்லை. அது வாசகர் கடிதங்கள் வரும் பக்கம். அடுத்த இதழில் நாயகியின் உடை இன்னும் கொஞ்சம் கிழியட்டும் என்று ஒருவன் கேட்டிருந்தான். அவளைக் கட்டிப்போட்ட படத்தையே முகப்பில் தொடர்ந்து போடும்படி இன்னொருவன். நாயகி வில்லனை அடித்த இதழ் சுத்த அறுவை, பெண்ணுக்கு அழகு போதாதா, சக்தி எதற்கு என்று மூன்றாமவன். எல்லாவற்றுக்கும் கீழே ஆசிரியர் ஒரே பதிலைச் சொல்லியிருந்தார்: உங்கள் விருப்பமே எங்கள் விருப்பம்.

நான் அதையும் சத்தமாகப் படித்தேன். யாரும் சிரிக்கவில்லை. சிலமலை அக்கா சுளகைக் கீழே வைத்தாள்.

"அவய்ங்க மட்டுந்தான் எழுதணுமா? நீயும் எழுது. ஏலக்கா பிரிக்கிற பொம்பளைக கேக்குறோம்னு எழுது."

எழுதினேன். சங்கிலியைப் பற்றியும் எழுதினேன், அட்டையைப் பற்றியும் எழுதினேன். ஆண்களின் துணி ஒரு தடவைகூடக் கிழியாதது ஏன் என்று நானாக ஒரு கேள்வியைச் சேர்த்தேன். எல்லோரும் போடுவதைப் போலப் பெயரும் முழு முகவரியும் போட்டேன்.

கடிதம் வெளிவந்தது. மேலே தடித்த எழுத்தில், 'ஏலக்காய்ச் சகோதரிக்கு வந்த கோபம்!' என்று தலைப்பு. சங்கிலிக் கேள்வியை வெட்டியிருந்தார்கள். துணிக் கேள்வியையும் வெட்டியிருந்தார்கள். அட்டைக் கேள்வி மட்டும் மிச்சம். அதற்கு ஆசிரியரின் பதில்: சகோதரி, உங்கள் ஊர் அட்டைகள் கொடுத்துவைத்தவை, நம் வாசகர்களுக்கும் அப்படிக் கடிக்கத்தான் ஆசை. அதற்குக் கீழே என் பெயர், தெரு, கதவு எண், போடிநாயக்கனூர்.

அதற்கு அடுத்த வாரமே தபால் கார்டுகள் வர ஆரம்பித்தன. நான் பார்த்தேயிராத ஊர்களிலிருந்து வந்தன. எல்லாமே திறந்த கார்டுகள், தபால்காரர் படிக்கலாம், தெருவில் எவனும் படிக்கலாம். உன் மூஞ்சியைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறாயா என்று கேட்டவைதான் அவற்றில் மரியாதையானவை. சிலர் எழுதாமல் படம் வரைந்திருந்தார்கள். தூணில் கட்டிய பெண், துணி இல்லை, கையில் மட்டும் ஒரு சுளகு. கீழே என் பெயர். வரைந்தவன் நிழலெல்லாம் போட்டுப் பொறுமையாக வரைந்திருந்தான். அந்தப் பொறுமையைப் பார்த்ததும் கார்டைக் கவிழ்த்துப் பிடித்தேன்.

தபால்காரர் என் கண்ணைப் பார்க்காமல் கொடுப்பார். "நான் என்ன பண்ணட்டும் தாயி, வந்தாக் குடுத்துத்தான் ஆகணும்" என்பார்.

செய்தி ஜீப் ஸ்டாண்டுக்குப் போய்விட்டது. அண்ணன் ஒரு மத்தியானம் வண்டியை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தான். வந்த வேகத்தில் கன்னத்தில் அறைந்தான்.

"ஊர்ல உள்ள பயலுகளுக்கெல்லாம் அட்ரஸ் குடுத்துட்டு உக்காந்திருக்கியா?"

"நான் புத்தகக்காரனுக்குத்தான் குடுத்தேன். அவன்தான் அச்சடிச்சான்."

"வாயி!" இன்னொரு அறை.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. என் கையிலிருந்து கீழே விழுந்த கார்டை எடுத்துப் படத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது ஆருடி? நீயா?"

"நான்னு நெனச்சு வரைஞ்சிருக்கான்."

"இப்பிடி வரையுற அளவுக்கு நீ என்னத்த எழுதுன?"

எழுதியதை அப்படியே சொன்னேன். அவள் இன்னும் ஏதோ பாக்கி இருக்கும் என்று காத்திருந்தாள்.

"இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தான்."

கார்டை அடுப்பில் வைத்தாள். "கை நீட்டுற சோலியெல்லாம் இன்னைக்கோட போதும்" என்று அண்ணனிடம் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீயும் இனிமே எவனுக்கும் எழுதாத" என்றாள். அவள் என் பக்கமா, அவன் பக்கமா என்று எனக்குக் கடைசிவரை தெளிவாகத் தெரியவில்லை.

அடுத்த இதழ் வந்தது. முதலாளியின் அக்கா மகன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, வழக்கமாக உட்காரும் மேசையை விட்டு எழுந்து, எங்கள் வரிசைகளுக்கு நடுவில் வந்து நின்றான். அந்த இதழில் வாசகர் பக்கம் முழுவதையும் என்னைத் திட்டிய கடிதங்களுக்கே ஒதுக்கியிருந்தார்கள். வில்லன் சிரிப்புக்கு வைத்திருந்த குரலில் படித்தான். சுளகு புடைப்பவர்களுக்குக் காமிக்ஸ் எதற்கு? அந்தச் சகோதரியின் புகைப்படத்தை வெளியிடவும், பொறாமைக்குக் காரணம் புரிந்துவிடும். இப்படியே போயிற்று. கடைசிக் கடிதத்துக்கு வந்ததும் குரலை இன்னும் உயர்த்தினான்.

"'நான் அந்தப் பெண்ணைத் தினமும் பார்க்கிறேன். நம் நாயகி மேல் பொறாமைப்பட அவளுக்கு எல்லாக் காரணமும் உண்டு.' போடியிலேருந்து எழுதியிருக்கான்."

"யாரு?" என்றேன்.

"பேரு போட்டிருக்குல்ல? நான்தான்." அவனுக்கு அதில் கொஞ்சமும் கூச்சமில்லை. தன் பெயர் அச்சில் வந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கேள்விதான் வந்தது.

"நாங்க கேட்டதுக்கு ஒருத்தனாச்சும் பதில் எழுதியிருக்கானா?"

"என்ன பதில்? பொம்பளைக்கு எதுக்குக் கதை புரியணும்? படத்தப் பாத்துட்டுப் பேசாம இரு."

சிலமலை அக்கா எழுந்தாள். அவன் கையிலிருந்த புத்தகத்தை வாங்குவது போலத்தான் வாங்கினாள். நடுவில் பிடித்துக் குறுக்கே கிழித்தாள். நல்ல தாள் இல்லை, சத்தமே வரவில்லை. அவன்தான் சத்தம் போட்டான். அடிபட்டவன் போலக் கத்திக்கொண்டு அவளைப் பிடித்துத் தள்ளினான். அவள் காய்க் குவியல் மேல் விழுந்தாள். நாங்கள் காலையிலிருந்து பிரித்த பச்சைக் காயும் வெடித்த காயும் ஒன்றாகக் கலந்து தரையில் ஓடின.

முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்தார். கிழிந்த புத்தகத்தைப் பார்த்தார், சிதறிய காயைப் பார்த்தார். விழுந்தவளைப் பார்க்கவில்லை.

"நாளையிலேருந்து நீ வர வேணாம்" என்றார் அவளிடம். பிறகு என்னிடம், "கடுதாசி எழுதுறவளும் வேணாம்" என்றார்.

யாராவது ஒருத்தி எழுந்திருப்பாள் என்று வரிசைகளைப் பார்த்தேன். எல்லோரும் குனிந்து சிதறிய காயைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். வகிடு வகிடாகத் தலைகள்தான் தெரிந்தன.

வேறு வேலை இல்லை. மலைக்குக் காய் எடுக்கப் போனோம், அக்காவும் நானும். அண்ணனின் ஜீப்பில்தான் ஏற வேண்டியிருந்தது. அவன் "வெரசா ஏறுங்க" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்வான், என்னிடம் தனியாக ஒரு வார்த்தை பேச மாட்டான். ஒரு நாள் காலையில் ஸ்டாண்டில் வண்டியின் பின்பக்கத் தூசியில் யாரோ விரலால் அதே படத்தை வரைந்திருந்தார்கள். தூண், பெண், சுளகு. மற்ற டிரைவர்கள் பீடி பிடித்தபடி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் உள்ளங்கையால் அதைத் துடைத்தான். முழுக்கப் போகவில்லை. சட்டைக் கையை இழுத்துவிட்டு அழுத்தித் துடைத்தான். பிறகு வண்டியை எடுத்தான். போடிமெட்டு வளைவுகளில் அன்றைக்கு அவன் ஓட்டிய வேகத்தில் பெண்கள் எல்லோரும் கத்தினார்கள். என்னை அறைந்ததைப் பற்றி அவன் அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

மலையில் மழைக் காலம். ஏலச் செடியில் காய் தூரில், தரையை ஒட்டிப் பிடிக்கும். நாள் முழுக்கக் குனிந்தே இருக்க வேண்டும். காலில் சாக்கைச் சுற்றிக் கட்டினாலும் ஈரம் உள்ளே வந்துவிடும், ஈரத்தோடு அட்டையும் வந்துவிடும். சாயங்காலம் சாக்கை அவிழ்த்தால் ரத்தம் வழிந்து காய்ந்திருக்கும். புகையிலைத் தண்ணீரைத் தடவிக்கொண்டு ஜீப்புக்குக் காத்திருக்கும்போது, கார்டு எழுதியவன் ஒவ்வொருவனையும் இந்தச் சரிவில் ஒரு பகல் நிறுத்த வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். அப்படி நினைத்ததில் எனக்கு எந்த நிம்மதியும் கிடைத்ததில்லை. வீட்டுக்கு வந்தால் இன்னொரு கார்டு வந்திருக்கும்.

காய் வரத்து உச்சத்தில் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். கிட்டங்கியில் மூட்டை மூட்டையாகக் காய் கிடக்கிறது, பிரிக்கக் கை பழகிய ஆள் இல்லை என்றார். அம்மா நாற்காலி போட்டாள். அவர் உட்காரவில்லை.

"பழசையெல்லாம் மனசுல வச்சுக்காத தாயி. நாளைக்கே வந்துரு. அந்தச் சிலமலைக்காரியையும் கூட்டியா."

"வர்றோம் மொதலாளி. ஒங்க மருமகன் எங்க எல்லாருக்கும் முன்னால வந்து, தள்ளிவிட்டது தப்புன்னு அக்காகிட்டச் சொல்லட்டும்."

அவர் சிரித்தார். கோபமாக இருந்தால்கூடப் பரவாயில்லை, நிஜமாகவே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அவன் ஆம்பளப் பய. வயசு அப்பிடி. ஒரு புத்தகத்துக்காகவா இம்புட்டு?"

"புத்தகத்துக்காகத்தானே அவரு தள்ளுனாரு?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். அம்மாவைப் பார்த்து, "இவள எவன் கட்டிக்கப் போறானோ" என்றார்.

"அத நாங்க பாத்துக்கிறோம். நீங்க போங்க" என்றாள் அம்மா. அந்த வீட்டில் அவள் ஒரு முதலாளியை அப்படிப் போகச் சொன்னதை அன்றுதான் கேட்டேன்.

அவர் எங்கள் வாசலிலிருந்து நேரே சிலமலைக்குப் போயிருக்கிறார். மறுநாள் காலை ஜீப்பில் அக்காவின் இடம் காலியாக இருந்தது. கிட்டங்கிக்கே திரும்பியிருந்தாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள். மழையில் குனிந்து குனிந்து இடுப்பு போய்விட்டதென்று முந்தின வாரமே சொல்லியிருந்தாள். பிறகு சந்தையில் பார்த்தபோது இரண்டு பேரும் காய் விலையைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினோம், அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு அவள் மேல் கோபமில்லை. இருந்த கோபம் எல்லாம் வேறு இடத்தில் இருந்தது.

ஜீப்பில் அவள் இடத்தில் ராசிங்காபுரத்துப் பெண் ஒருத்தி ஏறி உட்கார்ந்தாள். அண்ணன் ஹாரன் அடித்தான்.