திரைக்குள் யார் வரலாம்?

பெண்களைப் பெண்தான் தொட்டுச் சோதிக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறதே, அந்த விதியில்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது. தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றின் வாசலில், திரை போட்ட சின்னத் தடுப்புக்குள் நான் செக்யூரிட்டி. நின்றுகொண்டே சம்பாதிக்கிற சகோதரிகளே, உங்களுக்குத்தான் இது புரியும். கால் வலி பழகிவிடும். எந்த வரிசையில் யார் என்று நொடியில் தீர்ப்புச் சொல்கிற வேலை மட்டும் பழகவே பழகாது. அதற்கு எங்களுக்கு யாரும் பயிற்சியும் கொடுக்கவில்லை.

மயிலாப்பூர் தம்பதி

ஆடித் தள்ளுபடி நேரம். மயிலாப்பூரிலிருந்து வயதான தம்பதி. மாமி தடுப்புக்குள் வந்ததும் மாமாவும் கூடவே நுழையப் பார்த்தார். "சார், இது லேடீஸ்" என்றேன். "நான் அவ ஹஸ்பெண்ட்ம்மா" என்றார். புருஷன் என்றால் விதிவிலக்கு உண்டா என்று ஒரு கணம் எனக்கே குழப்பம். அப்புறம் வெளியே நிற்கச் சொன்னேன்.

கைப்பையைப் பார்த்துக் கொடுத்த பிறகும் மாமி நகரவில்லை. புடவைக் கொசுவத்தைச் சரி செய்தார். நெற்றியைத் துடைத்தார். சும்மா நின்றார். "மாமா வெயிட் பண்றாரே" என்றேன். மாமி குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நிக்கட்டும் விடு. ஆத்துல கூட இப்படி ஒரு நிமிஷம் தனியா நின்னதில்லை."

கிராப்பு

ஆண்கள் பக்கம் பாஸ்கர். சிந்தாதிரிப்பேட்டைக்காரன், வாய் ஓயாது. ஒருநாள் பேன்ட், சட்டை, ஒட்ட வெட்டிய தலைமுடியோடு வந்தவரைத் தன் வரிசைக்குக் கூப்பிட்டுவிட்டான். கையைத் தூக்கச் சொல்லிக் கிட்டே போனவன், ஷாக் அடித்தவன் மாதிரி பின்னால் குதித்தான். "அக்கா, இவங்க உன் பார்ட்டி!" என்று கத்தினான். வரிசையே திரும்பிப் பார்த்தது.

அந்தப் பெண் என்னிடம் வந்தார். கோபம் என்று சொல்ல முடியாது, சலிப்புதான். மன்னிப்புக் கேட்டேன். இனிமேல் எப்படிக் கண்டுபிடிப்பது என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு அவரிடமே கேட்டும் விட்டேன். அவர் திருப்பிக் கேட்டார்:

"முடிய வெட்டினா வரிசையும் மாறிடுமாங்க?"

யமுனா வீட்டுக்குப் போக முடியாத மாலை

வெளியாட்களுக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். கடை மூடும்போது, புடவை விற்கும் பெண்களையும் இதே தடுப்பில் சோதித்துத்தான் அனுப்புவோம். அவசரத்தில் இரண்டு இரண்டு பேராக உள்ளே வருவார்கள். ஒருத்தியைப் பார்க்கும்போதே அடுத்தவள் தயாராகிவிடுவாள்.

சுடிதார் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவள் யமுனா. திருநங்கை. பகலெல்லாம் நன்றாக வியாபாரம் செய்தாள். வெளியே போகும் நேரத்தில்தான் சிக்கல். யார் சோதிப்பது என்று பாஸ்கரைப் பார்த்தேன். பாஸ்கர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். "இன்னாக்கா நீ, அவங்க ஆதார் அட்டையிலயே பொம்பளன்னு கீது. நான் தொட்டா கேஸு!" என்றான். வரிசையில் முன்னால் நின்ற சரோஜா, புடவைப் பிரிவின் மூத்த ஆள், "இவங்க உள்ள வர்றதா இருந்தா நான் வர மாட்டேன்" என்றாள். அவள் குரலில் வெறுப்பு இல்லை, பயம் இருந்தது. யமுனா பையை மார்போடு அணைத்தபடி நின்றாள். எல்லோரும் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

மேனேஜர் திருநெல்வேலிக்காரர், சண்டை என்றாலே வேர்த்துவிடும். கடை வக்கீலுக்கு போன் போட்டார். யமுனாவைப் பெண்ணாக நடத்துவதுதான் சரி, மற்றப் பெண்களின் அந்தரங்கத்துக்கும் மதிப்பு உண்டு, இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாராம் வக்கீல். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று மட்டும் சொல்லவில்லை. மேனேஜர் போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தார்:

"இன்னைக்கு மட்டும் சும்மா அனுப்பிருங்கம்மா, நாளைக்கு யோசிப்போம்."

சரோஜாவின் கேள்வி

அந்த 'நாளைக்கு' வரவே இல்லை. யமுனா தினமும் சோதனை இல்லாமல் போனாள். சலுகைதானே என்று நினைத்தோம். பாஸ்கர் போனில் செய்தி பார்த்து, "லண்டன்ல கூட இதே தகராறாம்க்கா, கோர்ட்டு வரைக்கும் போய்க்கினு கீறாங்க" என்றான். அவ்வளவு பெரிய கோர்ட்டு முடிவு செய்வதை இந்தத் திரைக்குப் பின்னால் நான் எப்படி முடிவு செய்வது?

டீ குடிக்கும்போது சரோஜாவிடம் கேட்டேன். உனக்கு அவள் மேல் என்ன? சரோஜா யோசித்துத்தான் பேசினாள். முன்பு வேலை பார்த்த கடையில், பெண்கள் உடை மாற்றும் அறைக் கதவில் யாரோ ஓட்டை போட்டு வைத்திருந்தார்களாம். கண்டுபிடித்துச் சொன்னதற்கு, ஊதிப் பெரிசாக்காதே என்று இவளைத்தான் திட்டினார்களாம். அன்றிலிருந்து கதவு, திரை என்றாலே அவளுக்கு உடம்பு கூசுமாம். யமுனா அந்த ஓட்டையைப் போடவில்லையே என்றேன். சரோஜா டம்ளரைக் கீழே வைத்தாள்:

"போடலதான். ஆனா உள்ள யாரை விடலாம்னு முடிவு பண்றப்போ, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

காணாமல் போன பட்டு

ஒரு பட்டுப்புடவை கணக்கில் இடித்தது. யாரும் யார் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் சோதனை இல்லாமல் போகிறவள் ஒருத்திதான். மதியத்துக்குள் கடை முழுக்கக் கண்கள் சுடிதார் பிரிவுப் பக்கமே போய் வந்தன. ஒன்றாம் தேதியிலிருந்து யமுனா வர வேண்டாம் என்று முதலாளி அண்ணாச்சி சொல்லப்போகிறார் என்ற பேச்சும் வந்துவிட்டது. அவளுக்கு முறையாகக் கிடைத்த முதல் வேலை இது என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் அந்தப் புடவை, ஃபால் தைக்க எடுத்து வைத்த குவியலுக்குள் கிடைத்தது. சந்தேகப்பட்டதற்கு ஒருத்தர்கூட வருத்தம் சொல்லவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. "பொடவதான் கெடச்சிருச்சே" என்று ஆறுதல் சொல்லப் போனேன். யமுனா கண்ணைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை:

"எல்லாரையும் மாதிரி என்னையும் தொட்டுப் பாத்து அனுப்புக்கா. பாக்காம அனுப்புற ஒவ்வொரு நாளும் என்னைத் திருடின்னு சொல்லித்தான் அனுப்புறீங்க."

இரண்டாவது திரை

மற்றவர்கள் தப்பிக்கப் பார்க்கிற சோதனையை ஒருத்தி கேட்டு வாங்குகிறாள்! அன்றே மேனேஜரிடம் போனேன். சரோஜாவையும் கூட்டிக்கொண்டுதான் போனேன், முன்பு கேட்காததை இப்போதாவது கேட்க வேண்டுமே. "நான் நிக்கற எடத்துல என்னையும் சோதிக்கறவங்களையும் தவிர யாரும் இருக்கக் கூடாது. அவ்வளவுதான்" என்றாள். ஆல்ட்ரேஷன் டெய்லர் ஒரு திரை தைத்தார். தடுப்பு இரண்டானது. உள்பாதியில் நானும் சோதனைக்கு நிற்பவளும், வெளிப்பாதியில் அடுத்தவள். "எனக்காகத் தனித் திரையா?" என்று யமுனா முகம் சுருங்கினாள். "எல்லாருக்கும்தான்மா" என்றேன். பாதி நம்பினாள்.

அன்று மாலை யமுனாவின் இடுப்பையும் பையையும் மற்றவர்களுக்குப் பார்ப்பது போலவே பார்த்து அனுப்பினேன். வேலை போகும் பேச்சு அதோடு அடங்கியது. வேடிக்கை என்னவென்றால், மற்றப் பெண்களுக்கும் அந்தத் திரை பிடித்துவிட்டது. தினமும் இன்னொருத்தி முன்னால் முந்தானையை உதறிக் காட்டியது அவர்களுக்கும் கூச்சமாகத்தான் இருந்திருக்கிறது. இத்தனை வருடம் யாரும் வாய் திறக்கவில்லை.

ஒன்றை மட்டும் யோசிக்காமல் விட்டோம். யூனிஃபார்ம் புடவையை உதற, தோள் பின்களைக் கழற்ற வேண்டும். முன்பெல்லாம் அவற்றை அடுத்து நிற்பவள் பிடித்துக்கொள்வாள், கீழே விழுந்தால் காலில் குத்தும். இப்போது பிடிக்க ஆள் இல்லை. மூன்றாம் நாள் சரோஜா உள்ளே, என் கையில் அவள் பை. வெளிப்பாதியில் நின்றது யமுனா. சரோஜா திரையைப் பார்த்தாள், கையிலிருந்த பின்களைப் பார்த்தாள். பிறகு திரையின் ஓரத்தில் கையை மட்டும் நீட்டினாள். அந்தப் பக்கம் ஒரு உள்ளங்கை விரிந்தது.

"பின்னைப் புடி. திரையைத் தூக்காத."

கோர்ட்டுகள் சாவகாசமாக வாய்தா போட்டுப் பேசட்டும். எங்களுக்கு மாம்பலத்தில் ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்ததால் இந்த அளவுக்காவது முடித்துக்கொண்டோம்.