மிளகாய் அக்காவின் எண்பத்தொரு சதவீதம்

எங்கள் ஆபீஸில் ஸ்கேன் அறைக் கதவைத் தட்டுகிறவர்கள், தட்டிவிட்டு இரண்டு எட்டு பின்னால் நகர்ந்து நிற்பார்கள். உள்ளே இருப்பவர் மிளகாய் அக்கா. பதினான்கு வருடமாக அந்த அறையில் பழைய கட்டடங்களின் வரைபடங்களை ஸ்கேன் செய்கிறவர். மேசையளவு அகலமான தாள்கள். மடிப்பில் கிழிந்தவை, பூஞ்சை பிடித்தவை, எலி கடித்தவை. ஒவ்வொன்றையும் பிரஷால் தூசி தட்டி, மடிப்பை உள்ளங்கையால் நீவி, கிழிசலுக்குப் பின்பக்கம் டேப் ஒட்டிய பிறகுதான் மெஷினுக்குள் விடுவார். யாராவது தாளில் ஸ்டேப்ளர் பின் அடித்து அனுப்பியிருந்தால் அன்றைக்கு மாடி முழுக்கக் கேட்கும்.

"பின்னு என்ன உங்க மாமனார் வீட்டுச் சொத்தா? இப்படி அள்ளி அடிக்கறீங்க?"

பிடுங்கிய பின்களை ஒரு பாட்டிலில் போட்டு வைப்பார். நான் சேர்ந்தபோது மூன்றாவது பாட்டில் நிரம்பிக்கொண்டிருந்தது.

என் வேலை அங்கே இருக்கும் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். குழாய் ரிப்பேர் வேலைக்குப் போகும் அப்பா என் பட்டத்தைச் சட்டம் போட்டு டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறார். சேர்ந்த புதிதில் பெருமையில் அதை யாரிடமோ சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து அக்காவுக்கு நான் 'பட்டதாரி'.

"ஏம்மா பட்டதாரி, தினம் மத்தியானம் ஒன்றரை மணியானா இது பொணம் மாதிரி படுத்துக்குது. என்னன்னு வந்து பாரேன்."

சாப்பாட்டு நேரத்திலும் அவர் மெஷினை நிறுத்த மாட்டார். கதவோரம் ஸ்டூலில் உட்கார்ந்து, தாள் உள்ளே போவதைப் பார்த்தபடியே சாப்பிடுவார். அதனால் அந்த மந்தம் அவர் ஒருவர் கண்ணில்தான் பட்டது. பார்க்கிறேன்க்கா என்று மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் போய்ப் பார்க்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை சர்வர் நின்றுபோனது. 'சேமிக்க இடம் இல்லை' என்று ஒரே வரி. வெள்ளிக்கிழமைக்குள் அறுநூறு தாள் ஸ்கேன் செய்து கொடுத்தாக வேண்டும். அக்கா வெளியே வந்தார். இரண்டு வரைவாளர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பட்டத்த மாட்ட ஆணி அடிக்கத் தெரியுது. இத சரி பண்ணத் தெரியல."

அவர்கள் சிரித்தார்கள். ஒருவர் டீயைத் துப்பும் அளவுக்குச் சிரித்தார். எனக்குக் காது மடல் வரை சுட்டது. அந்த ஆணியை அடித்தது என் அப்பா. முதல் தடவை வளைந்துபோய், வேறு ஆணி எடுத்து, அம்மா பிடித்த நாற்காலியில் ஏறி நின்று அடித்தார்.

அந்தச் சூட்டோடுதான் போய் உட்கார்ந்தேன். டிஸ்க்கில் எது எவ்வளவு இடத்தைத் தின்கிறது என்று காட்டும் மென்பொருள் ஒன்று என்னிடம் இருந்தது. ஃபோல்டர் பெரிதாக இருந்தால் அதன் பெட்டியும் பெரிது. ஒவ்வொரு லாகினுக்கும் ஒரு நிறம். பத்து நிமிடம் டிஸ்க்கைத் துழாவிவிட்டு அது ஒரு படம் வரைந்தது. திரை முழுக்கச் சிவப்பு. ஓரத்தில் மட்டும் பச்சையும் நீலமும் துணுக்குத் துணுக்காக. சிவப்பு அக்காவின் லாகின். மொத்த இடத்தில் எண்பத்தொரு சதவீதம்.

அந்தச் சிவப்புப் பெட்டியின் மேல் ஒரு முறை கிளிக் செய்திருந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று விரிந்திருக்கும். நான் கிளிக் செய்யவில்லை. அவசரம், அதனால் தோன்றவில்லை என்று பிறகு பல தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது பொய். நல்லா மாட்டினாள் என்று இருந்தது எனக்கு. நேராக பிரிண்ட் கொடுத்தேன்.

முதலாளி தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"எண்பத்தொண்ணா? என்ன, உக்காந்து சினிமாப் படமா ஏத்தி வச்சிருக்காளா?"

"தெரியல சார்."

தெரியல என்பது உண்மை. 'பாத்துட்டு வந்து சொல்றேன் சார்' என்பதும் அதே அளவு எளிய வாக்கியம்தான்.

அவர் அந்தத் தாளை, எல்லோரும் விரல் வைத்து வருகை பதியும் மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டச் சொன்னார். பிறகு அக்காவைக் கூப்பிட்டார். அக்கா தாளை ஒரு தடவை பார்த்தார்.

"ஸ்கேன் பண்ணத மட்டும்தான் நான் போடுறேன். முடிஞ்ச வேலைய அப்பப்ப அனுப்பிட்டு அழிச்சிடுறேன். என் பேர்ல எப்படி இவ்வளவு வரும்?"

"மெஷின் பொய் சொல்லுமா?"

"மெஷின எனக்குத் தெரியாது. இவ சொல்லட்டும்."

என்னை நேராகப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன்.

"சாஃப்ட்வேர் அப்படித்தான்க்கா காட்டுது."

"நாளைக்கு வர வேணாம். தேவைப்பட்டா நானே கூப்பிடுறேன்" என்றார் முதலாளி. அவர் யாரையும் போ என்று சொல்வதில்லை. கூப்பிடுகிறேன் என்பார், அதன் பிறகு கூப்பிட மாட்டார். அக்கா தூசிக்காக மூக்கில் கட்டியிருந்த கைக்குட்டையை அவிழ்த்து நான்காக மடித்தார். "பதினாலு வருஷத்துக்கு ஒரு பேப்பர்" என்று சொல்லிவிட்டுப் போனார். எப்போதும் மாடி முழுக்கக் கேட்கும் குரல், அன்றைக்கு என் மேசையைத் தாண்டவில்லை.

சாயங்காலம் வீட்டில் நடந்ததைச் சொன்னேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"அப்ப நீ ஒரு பேப்பர் அடிச்சுக் கொடுத்தா ஆளையே தூக்கிடுவாங்களா?"

முகமெல்லாம் பெருமை. அவர் அப்படிச் சொன்னதும் நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவரை எத்தனை பேர் எத்தனை பேப்பரைக் காட்டி வேலையிலிருந்து தூக்கியிருக்கிறார்கள் என்று சொல்லிச் சொல்லித்தான் என்னைப் படிக்க வைத்தார்.

மறுநாள் என்னையே அக்காவின் நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். எல்லோருடைய குப்பைத்தொட்டி ஃபோல்டரையும் காலி செய்து கொஞ்சம் இடம் தேற்றி, அவருடைய லாகினிலேயே ஸ்கேன் செய்ய ஆரம்பித்தேன். பகல் ஒன்றரைக்கு மெஷின் படுத்தது. அக்கா சொன்ன மாதிரியேதான்.

தாள் பாதியில் நிற்க, அந்த மென்பொருளைத் திறந்தேன். சிவப்புப் பெட்டி வளர்ந்துகொண்டிருந்தது. நான் எதையும் சேமிக்கவில்லை. அக்கா ஆபீஸிலேயே இல்லை. அவர் பேரில் டிஸ்க் நிறைந்துகொண்டிருந்தது.

இப்போது கிளிக் செய்தேன். உள்ளே ஐம்பத்தெட்டுப் பெட்டிகள். எல்லாவற்றிலும் அதே ஃபைல்கள், தேதி மட்டும் வேறு. அந்தத் தேதியை எழுதியிருந்த முறை எனக்குத் தெரிந்தது. அது நான் எழுதும் முறை.

மூன்று மாதம் முன்னால், தினமும் ஃபைல்களைத் தானே நகலெடுத்து வைக்கும் பேக்கப்பை நான்தான் அமைத்தேன். ஆறு மணிக்கு முதலாளி மெயின் சுவிட்சையே அணைத்துவிடுவார், அதனால் சாப்பாட்டு நேரத்தில் ஓடும்படி வைத்தேன். புது லாகின் உருவாக்க இரண்டு நிமிடம் ஆகும். அக்காவின் பாஸ்வேர்டு மானிட்டரில் ஒட்டியிருந்தது, அதையே போட்டேன். 'பழைய நகல்களை அழி' என்ற கட்டத்தை டிக் செய்ய மறந்தேன். ஒவ்வொரு வேலை நாளும் முழு வேலையின் முழு நகல் ஒன்று, அதே டிஸ்க்கில், அவர் பேரில் விழுந்துகொண்டிருந்தது.

ஐம்பத்தைந்து நகல்களை அழித்தால் போதும். இடம் வந்துவிடும், பட்டதாரி கெட்டிக்காரி என்பார்கள், சுவரில் அக்காவின் பேர் போட்ட தாள் அப்படியே இருக்கும். இப்படியும் யோசித்தேன். பத்து நிமிடம் யோசித்தேன் என்பதை எழுதத்தான் வேண்டும். என்னைப் போல இன்னொருத்தி எதிரே இருந்திருந்தால் அறைந்திருப்பேன்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் ஃபோனிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

"சரி, அழிச்சிடு. அவள வரச் சொல்லு. வெள்ளிக்கிழமை டெலிவரி இருக்கு."

"நீங்க சொல்லணும் சார். அவங்கள அனுப்புனது நீங்க."

"பேப்பர் கொடுத்தது யாரு?"

"நான்தான். பேக்கப் அமைக்கும்போதே வேற டிஸ்க் வேணும்னு கேட்டேன். அதுலயே போடுன்னது நீங்க."

"குரல் ஏறுது."

"ஏறத்தான் சார் செய்யும்."

என் குரலா அது என்று இருந்தது. முந்தின நாளே அக்காவுக்காக ஏறியிருக்க வேண்டிய குரல், தப்பு என்னுடையது என்று ஆன பிறகு ஏறுகிறது.

அக்காவுக்கு ஃபோன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஒன்றரை மணிக்குப் படுத்துக்குதுன்னு எத்தன தடவ சொன்னேன்?"

"மூணு தடவைக்கா."

"எண்ணிக்கையெல்லாம் நல்லா வச்சிருக்க."

"என்ன மன்னிச்சிடுங்கக்கா."

"ஃபோன்ல எல்லாம் வேணாம். ஊரே பாக்க ஒட்டுனல்ல? அதே இடத்துல எழுதி ஒட்டு. நாளைக்கு வந்து பாப்பேன். பாத்துட்டுதான் உள்ள வர்றதா வேணாமான்னு சொல்லுவேன்."

பழைய தாளைக் கிழிக்காமல் எடுத்து மேசை இழுப்பறையில் வைத்தேன். பெட்டியை விரித்த நிலையில் புதுப்படம் அச்சடித்தேன். அடியில், இந்த நகல்கள் அனைத்தும் நான் அமைத்த பேக்கப்பால் வந்தவை, ஸ்கேன் அறைக்கு இதில் பங்கில்லை என்று எழுதி என் பெயரைப் போட்டேன். ஒட்டினேன்.

புதன் காலை ஒன்பது மணிக்கு அக்கா வந்தார். வரைவாளர்கள் டீயோடு நின்றார்கள். முதலாளியின் தலை கண்ணாடிக் கதவில் தெரிந்து மறைந்தது. அக்கா வருகை மெஷினில் விரல் வைக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலால் வரி வரியாகத் தொட்டு முழுவதும் படித்தார்.

"பழைய பேப்பர் எங்க?"

கொண்டுவந்து கொடுத்தேன். அதைச் சுவரில் இருந்த தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பிடித்தார்.

"இதுல என் பேரு எவ்வளவு பெருசு? அதுல உன் பேரு எவ்வளவு சிறுசு?"

பார்த்தேன். அவர் பெயர் தலைப்பிலேயே, விரல் அகல எழுத்தில். என் பெயர் கடைசி வரியின் ஓரத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி. அந்த அளவைத் தேர்ந்தெடுத்தது நான்தான்.

"இதே அளவுல அடிச்சு எடுத்துட்டு வா. நான் நிக்கறேன்."

மேசைக்கு ஓடினேன். பிரிண்டர் சூடாக நேரம் எடுத்தது. அங்கிருந்து பார்த்தேன். அக்கா வாசலிலேயே நின்றார், தோளில் மாட்டிய பையை இறக்காமல்.